முதலில் நாயகி, பிறகு அம்மா

ஓசூர், தளி, பாகலூர் பக்கத்து வீடுகளில் டிவி ஒரே மொழியில் ஓடுவதில்லை. அத்திப்பள்ளி வந்தாலே கர்நாடகம். இந்தப் பக்கத் தெருக்களில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்தே புழங்கும். இப்படிப்பட்ட ஊரில் பண்டரிபாய் எந்த மொழி நடிகை என்று யாரும் கேட்க மாட்டார்கள். கன்னட சேனலில் ராஜ்குமாருக்கு அம்மா, தமிழ் சேனலில் ரஜினிக்கு அம்மா. இரண்டு முறையும் ஒரே கதைக்குத்தான்.

1986-ல் கன்னடத்தில் வந்த 'அனுராக அரளிது' படத்தில் ராஜ்குமாரின் தாயாக நடித்தவர் இவர். அதைத் தமிழில் பி.வாசு 'மன்னன்' என்று எடுத்தபோது (1992) அம்மா வேடம் இவருக்கே வந்தது. தொழிற்சாலை முதலாளியம்மாவோடு மோதும் தொழிலாளியின் கதை. சிப்காட் ஷிஃப்டுகளை நம்பி வாழும் ஊருக்கு அது சொந்தக் கதை மாதிரி. அதில் ரஜினி தாயைத் தூக்கிச் சுமக்கும் பாட்டை, யேசுதாஸ் குரலில், இன்றைக்கும் கல்யாண மண்டபங்களில் கேட்கலாம்.

அந்த அம்மா முகத்துக்குப் பின்னால் ஒரு நாயகி இருந்தாள்.

உத்தர கன்னட மாவட்டத்துப் பட்கலில் பிறந்தவர். புராண நாடகங்களில் நடித்துப் பழகி, 1943-ல் 'வாணி' என்ற கன்னடப் படத்தில் திரைக்கு வந்தார். 1952 தீபாவளிக்கு வந்த 'பராசக்தி'யில் விமலா இவர்தான். சிவாஜி கணேசனுக்கு அது முதல் படம். கலைஞரின் வசனங்களைச் சிவாஜி இடியாக முழங்கிய படத்தில், கன்னட நாட்டிலிருந்து வந்த பெண் நிதானமாகத் தமிழ் பேசி அவருக்கு ஈடுகொடுத்தார். இரண்டு ஆண்டு கழித்து 'பேடர கண்ணப்ப'. ராஜ்குமார் நாயகனாக அறிமுகமான படம் அது. அதிலும் நாயகி பண்டரிபாயே. தமிழகத்துக்கும் கர்நாடகத்துக்கும் ஆளுக்கொரு பெருங்கலைஞர் என்றால், அந்த இருவரும் நாயகனாகத் திரையில் முதலடி எடுத்து வைத்தபோது எதிரே நின்றவர் ஒருவரே.

அதே 1954-ல் வந்தது 'அந்த நாள்'. என் கணக்கில் இவரது உச்சம் இதுதான். எஸ்.பாலசந்தர் இயக்கி, பாட்டே இல்லாமல் ஏவி.எம். எடுத்த படம். 1943-ல் சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்த நாட்களில் நடக்கும் கொலைக் கதை. எழுபது ஆண்டு கடந்துவிட்டதால் கொலை ரகசியத்தை உடைத்தால் பாவம் இல்லை: நாட்டைக் காட்டிக்கொடுக்கும் கணவனை நோக்கித் துப்பாக்கி நீட்டுபவள் மனைவி உஷா. தாலியே தெய்வம் என்று படத்துக்குப் படம் அழுத காலத்தில் அப்படியொரு வேடம்! கதறல் இல்லை, கும்பிடல் இல்லை. புருஷன்மேல் உள்ள ஆசையும் நாட்டுப்பற்றும் ஒரே முகத்தில் மல்லுக்கட்டும். படம் வசூலில் தோற்றது. அதன்பின் இப்படியொரு வேடத்தை யாரும் இவரிடம் கொண்டுபோனதாகத் தெரியவில்லை.

கொண்டுபோனதெல்லாம் நரைத்த விக்குதான். 1968-ல் 'குடியிருந்த கோயில்' வந்தபோது எம்.ஜி.ஆருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. அவரைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவரான பண்டரிபாய் அவருக்குத் தாய். மறு வருடம் 'தெய்வமகன்'. சிவாஜிக்கு மூன்று வேடம். ஒரு சிவாஜிக்கு இவர் மனைவி, மற்ற இரண்டு சிவாஜிகளுக்கும் அம்மா. சிவாஜியும் இவரும் ஏறக்குறைய ஒத்த வயதுக்காரர்கள். 1973-ல் 'கௌரவம்' படத்தில் பாரிஸ்டரின் மனைவியாக இவரைப் பார்ப்பது ஆறுதலாக இருக்கும், அங்கேயும் தலை நரைத்திருந்தாலும். நாயகர்களுக்கு டை, நாயகிகளுக்கு நரை. நம் சினிமா வயதைக் கணக்குப் போட்ட விதம் அது. இன்றைக்கும் பெரிதாக மாறிவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனாலும் அழுகை அம்மா என்று இவரை ஒதுக்குவது அநியாயம். வசனம் பேசுகிறவரை விட்டுவிட்டு, கேட்டுக்கொண்டு நிற்கும் இவரைப் பாருங்கள். உதட்டைக் கடித்து, சேலைத் தலைப்பை இழுத்து, கண்ணை ஒருமுறை தாழ்த்துவதில் காட்சியின் பாரத்தை வாங்கிக்கொள்வார். எதிரே நிற்கும் நாயகன் பெரிய ஆளாகத் தெரிவதில் பாதிப் பங்கு இவருக்கு உண்டு.

தங்கை மைனாவதியும் இரு மொழியிலும் நடித்தவர். 2003 ஜனவரி 29 அன்று பண்டரிபாய் மறைந்தார். அன்னையர் தினம் வந்தால் டிவிக்காரர்கள் 'மன்னன்' பாட்டைத் தேடி எடுக்கிறார்கள். போடட்டும். ஓசூர் லாட்ஜ் அறையில் நைட் ஷிஃப்ட் இல்லாத ராத்திரி கிடைத்தால், கையிலிருக்கும் போனில் 'அந்த நாள்' தேடுங்கள். பாட்டு இல்லாத படம் என்பதால் சீக்கிரம் முடிந்துவிடும்.