தந்தை கற்பித்த வேட்டைக் கலை

திருத்தணி மலையைக் கண்டவர்க்கு வள்ளியின் நினைவு வாராமற் போகாது. வேடர் தலைவன் நம்பிராசன் வளர்த்த மகள் அவள் என்பது புராணம். ஆனால் வேட்டையாடி வாழ்ந்த குடும்பங்கள் புராணத்தோடு முடிந்துவிடவில்லை. அம்மலைக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய ஆர்.கே.பேட்டையை உள்ளிட்ட திருவள்ளூர் மாவட்டத்திலும், செங்கற்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களிலும் இருளர் எனும் பழங்குடியினர் வாழ்கின்றனர். எலியும் பாம்பும் பிடிப்பது அவர்தம் குலத்தொழில். அத்தொழிலை அவர்கள் எவ்வாறு கற்றனர், அதனால் நமக்கு விளைந்த பயன் யாது என்பதை ஈண்டுக் காண்போம்.

இருளர் வேட்டைக்குப் பாடநூல் இல்லை. தாய் தந்தையர் வயல்வரப்பில் நடக்கும்போது பின்தொடரும் குழந்தை, கண்ணாற் கண்டே கற்கிறது. புழுதியிற் பதிந்த தடம், உரித்தெறிந்த சட்டை, காய்ந்த எச்சம் ஆகிய ஒவ்வொன்றும் அதற்கு ஓர் எழுத்து. வளையின் வாயிற் சிலந்திவலை அறுபடாமல் இருந்தால், அண்மையில் எதுவும் உள்ளே நுழையவில்லை என்பது பொருள். மண் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால், கடப்பாரையைக் கையில் எடுக்கலாம். கட்டுவிரியன் பகலிற் சோம்பிக் கிடக்கும். இரவில் விரைந்து இயங்கும். சுருட்டை விரியன் செதில்களை உரசி ஓசை எழுப்பும். இவற்றையெல்லாம் அறியுமுன் கை நீட்டினால் உயிரே போய்விடும். ஆதலின் பொறுமையே முதற்பாடம்.

இக்கலை நெடுங்காலம் தோல் வணிகத்திற்குத் துணைநின்றது. வணிகர் வாங்கிய பாம்புத் தோல்கள் கடல் கடந்து சென்றன. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் பாம்புத் தோல் ஏற்றுமதியும் தடை செய்யப்பட்டது. பாம்பினம் பிழைக்க அச்சட்டம் தேவையே. எனினும், தந்தையிடம் கற்ற ஒரே தொழில் குற்றமாகிவிட்டபின் இருளர் எவ்வாறு பிழைப்பது?

விடை 1978-இல் கிடைத்தது. ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியால் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் அது இயங்குகிறது. எத்தனை பாம்புகளைப் பிடிக்கலாம் என்பதை அரசு வரையறுக்கிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கையும் பிடித்து, சில வாரங்கள் வைத்திருந்து நஞ்சை எடுக்கின்றனர். பின்னர் வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். பாம்பும் பிழைக்கிறது, பிடித்தவர் குடும்பமும் பிழைக்கிறது.

அந்நஞ்சு என்னாகிறது? அதனைச் சிறிது சிறிதாகக் குதிரையின் உடலிற் செலுத்துவர். குதிரையின் குருதியில் நஞ்சை எதிர்க்கும் பொருள் உண்டாகும். அதைப் பிரித்தெடுத்தே நச்சுமுறி மருந்து செய்யப்படுகிறது. இந்தியாவில் இம்மருந்துக்கு வேண்டிய நஞ்சின் பெரும்பகுதியைத் தந்தது இச்சங்கமே. 2000 முதல் 2019 வரை நம் நாட்டிற் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் இறந்தனர் என ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இறந்தவருட் பெரும்பாலோர் சிற்றூர் மக்கள். அவ்வயல்வெளியிற் பிறந்த கலையே அம்மக்களைக் காக்கும் மருந்துக்கும் மூலமாயிற்று.

இவ்வறிவின் பெருமையை அயல்நாடும் உணர்ந்தது. 2017-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க, மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இரு இருளர் அழைக்கப்பட்டனர். இரு வாரத்திற்குள் 13 பாம்புகள் அகப்பட்டன. 2023-இல் இவ்விருவர்க்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

மாணவ நண்பர்களே! இருளர் சிறார் பள்ளி செல்வது இன்றியமையாதது. கல்வியை மறுத்துக் கலையை வளர்த்தல் அறமாகாது. ஆயினும் ஏட்டில் எழுதப்படாத அறிவு, ஒரு தலைமுறை கற்காமல் விட்டாலே அழிந்துபோகும். விலங்கியல் பயிலும் நீங்கள் இருளர் முதியோரிடம் சென்று, அவர்கள் அறிந்த பெயர்களையும் தடங்களையும் கேட்டு, அவர்கள் இசைவோடு எழுதி வையுங்கள். பட்டம் பெறாத ஒருவரிடம் மாணவராக அமர்வது இழிவன்று. இருளர் வீட்டுப் பிள்ளை நும் வகுப்பிலேயே இருப்பின், அவன் தந்தையின் தொழிலை எள்ளாதீர்கள். அதைப் பற்றி அவனிடம் கேளுங்கள்.