பொறிக்குள் உறையும் உழைப்பு

வட இந்தியாவின் வறண்ட குளிர்காலத்தில், இருண்ட அறையில் கம்பளிச் சட்டையைக் கழற்றினால் படபடவென்னும் ஒலியுடன் சிறு பொறிகள் தோன்றும். அடுத்து இரும்புக் கதவின் பிடியைத் தொட்டால் விரல் நுனியில் சுருக்கென்று குத்தும். கோடை விடுமுறைக்குச் சென்னை செல்லும் சிறுவர்கள் இக்காட்சியை அங்குக் காண்பது அரிது. கடற்கரை நகரின் காற்றில் ஈரம் மிகுதி. பொருள்களின் மேல் படியும் அவ்வீரத்தின் வழியே மின்னூட்டம் தேங்குவதற்குள் கசிந்துவிடுகிறது.

அந்தப் பொறிக்கு ஆற்றல் எங்கிருந்து வந்தது? சட்டையைக் கழற்றிய கையின் உழைப்பிலிருந்தே வந்தது.

கம்பளியும் உள்ளே அணிந்த சட்டையும் உராயும்போது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எலக்ட்ரான்கள் இடம் மாறுகின்றன. ஒன்று நேர் மின்னூட்டமும் மற்றொன்று எதிர் மின்னூட்டமும் பெறுகின்றன. வேறின மின்னூட்டங்கள் ஒன்றையொன்று ஈர்க்கும். கம்பளியை இழுத்து விலக்கும் கை, அவ்வீர்ப்பை எதிர்த்து வேலை செய்கிறது. அந்த வேலை வீணாவதில்லை. பிரிந்து நிற்கும் மின்னூட்டங்களில் ஆற்றலாகச் சேமிக்கப்படுகிறது. இதுவே மின்நிலை ஆற்றல். கிணற்று நீரை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றச் செய்த வேலை, தொட்டி நீரில் நிலையாற்றலாக இருப்பதைப் போன்றது இது. குழாயைத் திறந்தால் நீர் இறங்குகிறது. வழி கிடைத்தால் மின்னூட்டம் பாய்கிறது. அப்போது சேமித்த ஆற்றல் ஒளியாகவும் ஒலியாகவும் வெப்பமாகவும் வெளிப்படுகிறது.

இவ்வேலையை அளக்க ஓர் அளவுகோல் உண்டு. ஓரலகு மின்னூட்டத்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு நகர்த்தச் செய்யும் வேலை, அவ்விரண்டு இடங்களுக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாடு எனப்படும். 1 கூலூம் மின்னூட்டத்தை நகர்த்த 1 ஜூல் வேலை தேவையெனில், அவ்வேறுபாடு 1 வோல்ட் ஆகும். 1800ஆம் ஆண்டில் மின்கல அடுக்கை உலகிற்கு அறிவித்த இத்தாலிய அறிஞர் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டாவின் பெயரால் இவ்வலகு வழங்குகிறது. சுவர்க் கடிகாரத்தில் இடும் 1.5 வோல்ட் மின்கலம், தன்னிடமிருந்து பாயும் ஒவ்வொரு கூலூமுக்கும் 1.5 ஜூல் ஆற்றலை அளிக்கிறது.

ஆகவே வோல்ட் என்பது ஒரு கூலூமுக்கு உரிய கணக்கு மட்டுமே. மொத்த ஆற்றலை அறிய, எவ்வளவு மின்னூட்டம் உள்ளது என்பதையும் பார்த்தல் வேண்டும். கம்பளியைக் கழற்றியவரின் உடல் சில வேளைகளில் 10,000 வோல்ட் அளவையும் எட்டலாம். ஆயினும் அவ்வுடலில் தேங்கும் மின்னூட்டம் ஒரு கூலூமில் ஏறத்தாழ 10 இலட்சத்தில் ஒரு பங்கே. மின்னூட்டம் சேரச் சேர மின்னழுத்தம் 0 முதல் 10,000 வரை படிப்படியாக உயர்வதால், சராசரியாக 5,000 வோல்ட் எனக் கொள்ளலாம். இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது 0.005 ஜூல். ஒரு கிராம் எடையுள்ள பொருளை அரை மீட்டர் உயர்த்தும் வேலைக்கு இது சமம். அதனால்தான் அப்பொறி குத்துகிறது; கொல்வதில்லை.

வீட்டு மின்சாரம் 230 வோல்ட் மட்டுமே. ஆனால் அதன் பின்னால் மின் நிலையம் ஓயாது வேலை செய்துகொண்டிருக்கிறது. தொட்டவரின் உடல் வழியே மின்னூட்டம் நிற்காமல் பாயும்; அது உயிரைப் பறிக்கும். மின்தேக்கியும் அஞ்சத்தக்கதே. மைக்ரோவேவ் அடுப்பின் இணைப்பைத் துண்டித்த பின்னரும், உள்ளிருக்கும் மின்தேக்கி உயிருக்கு ஆபத்தான ஆற்றலைத் தாங்கியிருக்கலாம். எனவே பயிற்சி பெறாதோர் அதனைத் திறத்தல் கூடாது.

அதே மின்தேக்கி உயிரையும் காக்கிறது. இதயம் ஒழுங்கிழந்து துடிதுடிக்கும்போது, மருத்துவர்கள் ஒரு கருவியின் மின்தேக்கியில் சேமித்த ஏறத்தாழ 200 ஜூல் ஆற்றலை, ஒரு நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் மார்பின் வழியே செலுத்துகின்றனர். இது கம்பளிப் பொறியின் ஆற்றலைப் போல் 40,000 மடங்கு. ஆற்றல் ஒன்றே, அளவறிந்து ஆள்பவர்க்கு அது துணை, அறியாதவர்க்குப் பகை.

சிந்தித்து விடை எழுதுக

1. கம்பளிப் பொறியின் ஆற்றல் எதிலிருந்து வந்தது?
2. 10,000 வோல்ட் கொல்லாதபோது 230 வோல்ட் கொல்வது ஏன்?
3. 9 வோல்ட் மின்கலத்திலிருந்து 2 கூலூம் பாய்ந்தால் கிடைக்கும் ஆற்றல் எவ்வளவு?