கங்கோத்ரியின் இருப்புக் கணக்கு

விடுமுறையில் ஊர் செல்லும் நம்மவர் மூட்டையில் கங்கை நீர் அடைத்த செப்புச் சொம்பு ஒன்றேனும் இருப்பது வழக்கம். தில்லியில் வாழும் நமக்கோ கங்கை வெறும் தீர்த்தமன்று. கிழக்குத் தில்லியிலும் தென் தில்லியிலும் பல வீடுகளின் குழாய்களுக்கு மேல் கங்கைக் கால்வாய் வழியே வந்து சேர்வதும் அந்நதி நீரே. அதன் பிறப்பிடத்தில் பனியின் நிலை யாது என்று அறிவது நமக்குப் பயனுடையதாகும்.

ரிஷிகேசம் வரையில் ரயில் உண்டு, அதற்குமேல் மலைப்பாதை. கங்கோத்ரி ஆலயத்திலிருந்து சுமார் 18 கிலோமீட்டர் நடந்தால் கோமுகத்தை அடையலாம். ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரத்தில், ஒரு பனிக்குகையினின்று பாகீரதி அங்கே வெளிப்படுகிறாள். தேவப்பிரயாகையில் அலகநந்தாவோடு கூடிய பின்னரே அவளுக்குக் கங்கை என்ற பெயர். அந்தக் குகை, சுமார் 30 கிலோமீட்டர் நீளமுள்ள கங்கோத்ரிப் பனியாற்றின் முனையாகும்.

பனியாறு என்றதும் உறைந்துபோன ஆறு என்று எண்ணிவிடலாகாது. அது பனிமேல் பனி படிந்து, தன் பாரத்தால் தானே இறுகி உண்டாவது. புதிதாக விழுந்த வெண்பனி பஞ்சுபோல் இலேசானது. அதில் பெரும்பகுதி காற்றே. அடுத்தடுத்த ஆண்டுகளின் பனி அதனை அழுத்த, அது சர்க்கரைக் குருணைபோல் மணிமணியாகிறது. பின்னர் மணிகளின் இடைவெளிகள் அடைபட்டு, காற்று குமிழிகளாகச் சிறைப்பட, நீலம் பாய்ந்த கெட்டிப் பனிக்கட்டி பிறக்கிறது. கனம் மிகுந்ததும் அது மலைச்சரிவில் மெல்ல நகரத் தொடங்குகிறது. நகர்வதனாலேயே ஆறு என்ற பெயர் அதற்குப் பொருந்துகிறது.

ரயில்வே அலுவலகத்தில் கணக்கேடுகளோடு நாள்தோறும் உறவாடும் நமக்கு இதன் நிலையை விளங்கிக்கொள்வது கடினமன்று. உயரத்தில் பொழியும் பனி வரவு. தாழ்வில் உருகும் நீர் செலவு. இடையிலுள்ள கட்டி இருப்பு. வரவும் செலவும் ஒத்திருக்கும்வரை முனை நின்ற இடத்தில் நிற்கும். செலவு மிஞ்சினால் பின்வாங்கும். வெப்பம் ஏறும்போது இரண்டு பக்கமும் ஒருங்கே கெடுகின்றன. உருகுதல் மிகுகிறது, பனியாக விழவேண்டியதில் ஒரு பங்கு மழையாக விழுந்து ஓடிவிடுகிறது. போதாக்குறைக்கு, சமவெளியில் நாம் எழுப்பும் புகையின் கரித்துகளும் காற்றிலேறிச் சென்று பனிமீது படிகிறது. வெயிலில் வெள்ளைத் துணியைவிடக் கறுப்புத் துணி விரைவில் சுடுவது போல, கரி படிந்த பனி விரைவில் உருகுகிறது.

1935-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஜே. பி. ஆடன் கோமுகத்தை அளந்து படம் வரைந்தார். அன்று முதல் 1996 வரையில் முனை ஒரு கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கியது. சராசரி ஆண்டுக்குச் சுமார் 19 மீட்டர். இவ்வேகம் எப்போதும் ஒரே சீராக இருப்பதில்லை. கல்லும் மண்ணும் தடிப்பாக மூடிய இடங்களில் உருகுதல் தாமதப்படும். முனை அதிகம் நகராத ஆண்டிலும் கட்டி மேலிருந்து மெலியக்கூடும். இந்துகுஷ் இமயப் பகுதியின் பனியாறுகள், 2011 முதல் 2020 வரையில், அதற்கு முந்திய பத்தாண்டைவிட 65 விழுக்காடு விரைவாகக் கரைந்தன என்று காத்மாண்டுவிலுள்ள பன்னாட்டு மலை ஆய்வு மையம் 2023-இல் அறிவித்தது.

பருவநிலை முன்பும் மாறியதுண்டே என்று அன்பர் சிலர் கேட்கலாம். விடை தென்துருவக் கண்டத்தில் உளது. அங்கே 1983–84-இல் இந்தியா நிறுவிய முதல் நிலையத்தின் பெயரும் தட்சிண கங்கோத்ரி என்பதே. அதனைச் சில ஆண்டுகளிலேயே பனி மூடத் தொடங்கவே, மைத்ரி என்னும் வேறு நிலையம் எழுந்தது. இவ்வாறு அக்கண்டத்தில் அடுக்கடுக்காகப் படிந்த பழம்பனியை ஐரோப்பிய விஞ்ஞானிகள் உட்பகுதியில் ஆழத் துளையிட்டு எடுத்து, அதிலுள்ள காற்றுக் குமிழிகளைச் சோதித்தனர். அந்த 8,00,000 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயு பத்து லட்சத்தில் ஏறத்தாழ 300 பங்கைத் தாண்டவில்லை. இன்று அது 420-ஐயும் கடந்துவிட்டது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததன் விளைவு இது.

அப்படியானால் கங்கை மறைந்துவிடுமோ? அவ்வாறு சொல்வது மிகை. அதில் ஓடுவதில் பெரும்பகுதி மழைநீரே. ஆயினும் மழைக்கு முந்திய கோடையில், மலைநாட்டில் ஆற்றைத் தாங்குவது பனியுருகிய நீராகும். இங்கேதான் கண் ஏமாறுகிறது. சேமிப்பை எடுத்துச் செலவிடும் குடும்பத்தில் சிலகாலம் தாராளமே தென்படும். பனி விரைந்து உருகும்போதும் முதலில் ஆற்றில் நீர் கூடும். உச்சத்தை எட்டிய பின்னரே குறையத் தொடங்கும். உருகிய நீர் ஏரியாகத் தேங்கி உடைவதும் உண்டு. 2023 அக்டோபரில் சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி உடைந்து, தீஸ்தா நதியில் சுங்தாங் அணையை அடித்துச் சென்றது. பல உயிர்கள் மடிந்தன.

வெப்பம் இவ்வாறே ஏறிச் செல்லுமாயின், இந்நூற்றாண்டின் இறுதிக்குள் இமயப் பனியின் இருப்பில் 80 விழுக்காடு வரை கரையக்கூடும் என்கிறது முற்கூறிய அறிக்கை. கரியமில வாயுவைக் குறைப்பது அரசுகள் கூடிச் செய்யவேண்டிய பெருங்காரியம். கரித்துகளோ சில நாட்களிலோ வாரங்களிலோ காற்றினின்று இறங்கிவிடுவது. எரிப்பதை நிறுத்தினால் பலன் விரைவில் கிட்டும். குப்பையையும் சருகையும் தெருமுனையில் கொளுத்துவதில்லை என்று நம் குடியிருப்புகளில் இன்றே முடிவு செய்யலாம். கங்கோத்ரியின் இருப்பு நாம் சேர்த்ததன்று. நம் முன்னோர் காலத்துப் பனி. நம் பேரர்களுக்கும் அதில் பங்கு உண்டு.