வாக்குக் கொடுத்த கால்கள்

மாரத்தான் பருவம் நெருங்கும்போது வாட்ஸ்அப்பில் ஒரு வகைச் செய்தி வரத் தொடங்கும். "இந்த முறை 21 கிலோமீட்டர் ஓடப்போகிறேன். புற்றுநோயோடு போராடுகிறவர்களுக்காக. உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்." கீழே பணம் அனுப்ப ஓர் இணைப்பு இருக்கும். அனுப்பியவர் பெரும்பாலும் விளையாட்டு வீரராக இருக்க மாட்டார். வங்கியில் வேலை பார்ப்பவர், பள்ளி ஆசிரியை, ஐ.டி. ஊழியர் என்று யாராகவும் இருக்கலாம். பலருக்கு இதுதான் முதல் அரை மாரத்தான்.

கோயம்புத்தூர் மாரத்தான் 2013-லிருந்து அவ்வூர்ப் புற்றுநோய் அறக்கட்டளைக்காக நடந்துவருகிறது. இங்கிலாந்தின் நியூகாசிலில், ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலம் வென்ற பிரெண்டன் ஃபாஸ்டர் 1981 ஜூன் 28 அன்று 'கிரேட் நார்த் ரன்' என்ற அரை மாரத்தானைத் தொடங்கினார். அன்று ஓடியவர்கள் சுமார் 12,000 பேர். இப்போது ஏறக்குறைய 60,000 பேர் ஓடுகிறார்கள். அங்கே தொண்டு நிறுவனங்களே பந்தய இடங்களை வாங்கி வைத்துக்கொண்டு, இவ்வளவு நிதி திரட்டித் தருகிறேன் என்று ஒப்புக்கொள்பவர்களுக்கு அவற்றைக் கொடுக்கின்றன.

இந்த வழக்கத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் உடலியல் தெரிந்தவர்கள் இதைக் கொஞ்சம் கவலையோடுதான் பார்ப்பார்கள். தனக்காக ஓடுகிறவர் கால் வலித்தால், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார். நிதிக்காக ஓடுகிறவரால் அப்படி விட முடியாது. தேதி குறித்தாயிற்று, ஊரெல்லாம் சொல்லியாயிற்று, பணமும் வர ஆரம்பித்துவிட்டது. இந்தக் கட்டாயம் எதுவும் கால் எலும்புக்குத் தெரியாது. அது தன் கணக்கில்தான் பழகும்.

ஓடத் தொடங்கியதும் உடம்பின் எல்லாப் பகுதிகளும் ஒன்றாகப் பழகுவதில்லை. முதலில் முந்திக்கொள்வது ரத்தம். ஒன்றிரண்டு வாரங்களிலேயே பிளாஸ்மாவின் அளவு கூடிவிடும், ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் கூடுதல் ரத்தத்தை அனுப்பும். அடுத்தது தசை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜான் ஹாலோஸி எலிகளை டிரெட்மில்லில் பல வாரங்கள் ஓடவிட்டுப் பார்த்து, 1967-ல் முடிவை வெளியிட்டார். தசை செல்லுக்குள் சக்தியை உருவாக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் நொதிகள் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தன. பயிற்சியால் இதயம் மட்டும்தான் வலுவடைகிறது என்ற எண்ணத்தை மாற்றிய ஆய்வு அது. மனிதர்களிடமும் இதே மாற்றம் சில வாரங்களிலேயே தெரியத் தொடங்கும். முதல் நாள் தெருமுனை வரை ஓடி மூச்சு வாங்கியவர், ஆறாவது வாரத்தில் எட்டு கிலோமீட்டரைப் பேசிக்கொண்டே முடிப்பது இப்படித்தான்.

ஆபத்து தொடங்குவதும் இங்கேதான். மூச்சு 'இன்னும் போகலாம்' என்கிறது, தசையும் ஆமாம் என்கிறது. ஆனால் தசைநாணும் எலும்பும் இன்னும் பாதி வழிகூட வந்திருக்காது.

குதிகாலையும் கெண்டைக்கால் சதையையும் இணைக்கும் தசைநாண் எவ்வளவு மெதுவானது என்பதை டென்மார்க் ஆய்வாளர்கள் 2013-ல் வியக்கத்தக்க வழியில் காட்டினார்கள். 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 திடீரென்று பெருகியது, பிறகு ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. செடி வழியாகவும் சோறு வழியாகவும் அது அந்தக் காலத்து மனிதர்கள் எல்லோருடைய உடம்பிலும் சேர்ந்தது. ஒரு திசு தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தால், அதில் இன்றைய காற்றின் அளவு இருக்கும். புதுப்பிக்காமல் விட்டிருந்தால், அது உருவான ஆண்டின் அளவு அப்படியே தங்கியிருக்கும். குதிகால் தசைநாணின் நடுப்பகுதியைச் சோதித்தபோது, சுமார் பதினேழு வயது வரையிலான காலத்தின் அளவே அதில் பதிந்திருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பகுதி அநேகமாகப் புதுப்பிக்கப்படவே இல்லை. நாற்பது வயதில் ஓட வருகிறவர் பள்ளிக்கூட நாளில் உருவான நார்களை வைத்துத்தான் ஓடுகிறார். பயிற்சிக்கு ஏற்ப தசைநாண் விறைப்படைந்து வலுப்பெறும், ஆனால் அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

எலும்பின் கதை வேறு. அது தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும், ஆனால் முதலில் இடித்துவிட்டுத்தான் கட்டும். ஓடும்போது ஒவ்வொரு முறை கால் தரையில் பதியும்போதும் உடல் எடையைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு விசை மேலேறுகிறது. 21 கிலோமீட்டரில் இருபதாயிரம் அடிகளுக்குக் குறையாது. இந்தச் சுமையால் எலும்பில் நுண்ணிய விரிசல்கள் விழும். ஆஸ்டியோகிளாஸ்ட் என்னும் செல்கள் வந்து பழுதான பகுதியை அரித்தெடுக்கும். இதற்கு இரண்டு மூன்று வாரம் போதும். பிறகு ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் அந்தக் குழியில் புது எலும்பை நிரப்பும். அதற்கு மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகும். நடுவில் உள்ள காலத்தில் ஓடுகிறவரின் எலும்பு, அவர் ஓட ஆரம்பிப்பதற்கு முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் பலவீனமாக இருக்கும். மூச்சு நன்றாகப் பழகி, தூரத்தைக் கூட்ட ஆசை வருவதும் அதே வாரங்களில்தான்.

இதை முதலில் கவனித்தவர்கள் ராணுவ மருத்துவர்கள். அணிவகுத்து நடந்த புதுச் சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதை பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட் 1855-ல் எழுதிவைத்தார். காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. எக்ஸ்ரே வந்த பிறகு 1897-ல்தான் அது எலும்பு முறிவு என்று தெரிந்தது. புதிதாகச் சேர்ந்தவர், மாற்ற முடியாத அட்டவணை, 'முடியாது' என்று சொல்ல முடியாத நிலை... அந்தச் சிப்பாய்க்கும் நன்கொடைக்காக ஓடுகிறவருக்கும் இவை பொது.

பெசன்ட் நகர் கடற்கரையில் எங்களோடு ஓடிய ஓர் இளைஞர், குழந்தைகளின் சிகிச்சைக்காக நிதி திரட்டிக்கொண்டிருந்தார். முழங்காலுக்குக் கீழே வலி என்று சொல்லி ஐஸ் வைத்துக்கொண்டு, தைலம் தேய்த்துக்கொண்டு ஓடினார். குழுவில் இருந்த எலும்பு மருத்துவர் ஒரு நாள் அவரை மணலில் உட்காரவைத்தார். முன்னெலும்பின் உள்விளிம்போடு ஆள்காட்டி விரலை மேலிருந்து கீழாக மெல்ல அழுத்திக்கொண்டே வந்தார். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர், ஓர் இடத்தில் விரல் பட்டதும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். ஒரு ரூபாய்க் காசு அளவு இடம், அவ்வளவுதான். எலும்பு நெடுகப் பரவிய வலி பெரும்பாலும் 'ஷின் ஸ்ப்ளின்ட்', ஓய்வு கொடுத்தால் அடங்கும். இப்படி ஒரே புள்ளியில் சுருக்கென்று வலித்தால் சோர்வு முறிவு, அதாவது ஓயாத சுமையால் எலும்பில் விழுந்த விரிசல், என்று சந்தேகப்பட வேண்டும். எக்ஸ்ரே எடுத்தும் ஒன்றும் தெரியவில்லை. முதல் இரண்டு மூன்று வாரங்களில் பல நேரம் தெரியாதாம். எம்.ஆர்.ஐ.யில்தான் தெரிந்தது. "டாக்டர், பாதிப் பணம் வசூலாயிடுச்சு, இப்ப எப்படி நிறுத்துறது?" என்றுதான் அவர் முதலில் கேட்டார். கால் எப்போது சரியாகும் என்பதை அதற்குப் பிறகுதான் கேட்டார்.

அப்படியானால் எப்படித்தான் தூரத்தைக் கூட்டுவது? வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாதே என்பது ஓட்டக்காரர்களிடையே வேதவாக்கு. நெதர்லாந்தின் குரோனிங்கனில் 532 புதிய ஓட்டக்காரர்களை வைத்து 2008-ல் இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவினர் அந்த விதிப்படி 13 வாரமும், மற்றவர்கள் 8 வாரமும் பயிற்சி எடுத்தார்கள். இரண்டு பிரிவிலும் ஐந்தில் ஒருவருக்குக் காயம். வித்தியாசமே இல்லை. இத்தனைக்கும் அவர்கள் தயாரானது நான்கு மைல் ஓட்டத்துக்குத்தான். 2025-ல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகக் குழுவினர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஓட்டப் பதிவுகளைப் பார்த்தபோது இதற்கு ஒரு விளக்கம் கிடைத்தது. வாரக் கணக்கு காயத்தை முன்கூட்டிச் சொல்லவில்லை, ஒரே ஓட்டத்தின் நீளம் சொன்னது. கடந்த 30 நாட்களில் ஓடிய அதிகபட்ச தூரத்தைவிட ஒரு நாளில் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டியவர்களுக்கு ஆபத்து தெளிவாகக் கூடியது. இரு மடங்குக்கு மேல் போனவர்களுக்கு அது இரண்டு மடங்கையும் தாண்டியது.

நிதிக்காக ஓடுகிறவர்கள் இதை மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். வாரம் முழுக்க வேலை, ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் 'லாங் ரன்', அதைப் படம் எடுத்துப் போட்டால் நன்கொடை இன்னும் கொஞ்சம் வரும். காலை உடைப்பது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். பத்து கிலோமீட்டர் ஓடுகிறவர் அடுத்து பதினொன்று ஓடட்டும், பதினாறுக்குத் தாவ வேண்டாம். இந்தக் கணக்கில் போய், இடையிடையே எலும்புக்கு ஓய்வு வாரமும் விட்டால், அடியிலிருந்து தொடங்குகிறவருக்கு ஐந்தாறு மாதம் வேண்டும். நிதி திரட்டும் நிறுவனங்கள் பந்தயத்துக்கு எட்டு வாரம் முன்பு புதியவர்களை அழைப்பதை நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து.

பந்தய நாளில் சக்தி தீர்ந்துபோகுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. எடை ஒரு கிலோவுக்கு, தூரம் ஒரு கிலோமீட்டருக்கு, சுமார் ஒரு கலோரி செலவாகும். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு மொத்தம் 1,270 கலோரி. நன்றாகச் சாப்பிட்டவரின் தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கும் கிளைகோஜன் இரண்டாயிரம் கலோரியை ஒட்டித் தரும். முந்தின நாள் வயிறு நிறைய இட்லியும் சோறும் சாப்பிட்டால் போதும்.

கடலோர ஊரில் பயப்பட வேண்டியது வெக்கைக்குத்தான். ஓட்டத்தில் செலவாகும் சக்தியில் முக்கால் பங்கு வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும், ஆனால் ஆவியானால்தான். விடியற்காலையில் சென்னைக் காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருக்கும். பனியன் நுனியிலிருந்து சொட்டும் வியர்வை உடம்பைத் துளியும் குளிர்விப்பதில்லை. அப்போது வேகத்தைக் குறைப்பதுதான் வழி. தண்ணீரைக் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் சோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களும் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களும்தான் அதிகம் மாட்டிக்கொண்டார்கள். மெதுவாக ஓடுகிறவர் தாகம் எடுக்கும்போது குடித்தால் போதும்.

நிதிக்காக ஓடுவதைப் பற்றி எழுதும்போது டெர்ரி ஃபாக்ஸை விட்டுவிட முடியாது. கனடாக்காரர். எலும்புப் புற்றுநோயால் 1977-ல் வலது காலை இழந்தார். அறுவை சிகிச்சைக்கு முந்தின இரவு, செயற்கைக் காலோடு நியூயார்க் மாரத்தானை ஓடி முடித்த டிக் டிராம் பற்றிய கட்டுரை ஒன்று அவர் கைக்கு வந்தது. நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை ஓடிப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட முடிவு செய்தார். அதற்குச் சுமார் பதினைந்து மாதம் தயாரானார். 1979-ல் பிரின்ஸ் ஜார்ஜ் நகரில் 27 கிலோமீட்டர் பந்தயம் ஒன்றில் ஓடிக் கடைசியாக வந்தார். அதற்குப் பிறகுதான் இந்தத் திட்டத்தை வீட்டாரிடம் சொன்னார். 1980 ஏப்ரல் 12 அன்று செயின்ட் ஜான்ஸில் அட்லாண்டிக் கடலில் செயற்கைக் காலை நனைத்துவிட்டுப் புறப்பட்டு, தினமும் ஒரு முழு மாரத்தான் அளவுக்கு ஓடினார்.

143 நாட்கள், 5,373 கிலோமீட்டர். செப்டம்பர் 1 அன்று தண்டர் பே நகருக்கு அருகே நெஞ்சுவலியும் இருமலும் அவரை நிறுத்திவிட்டன. புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. பசிபிக் கரைக்கு இன்னும் வெகுதூரம் இருந்தது. நின்ற அன்று சேர்ந்திருந்தது 17 லட்சம் டாலர். அடுத்த வாரம் தொலைக்காட்சியில் நடந்த ஒரே நிகழ்ச்சியில் ஒரு கோடி டாலருக்கு மேல் வந்தது. 1981 பிப்ரவரியில் தொகை 2 கோடியே 41 லட்சத்தைத் தாண்டியது. கனடாக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு டாலர் என்று அவர் வைத்த இலக்கு அது. நியூகாசிலில் முதல் கிரேட் நார்த் ரன் நடந்த அதே ஜூன் 28 அன்று, இருபத்திரண்டு வயதில் அவர் இறந்தார்.

மக்கள் பணம் கொடுத்தது முடிவுக் கோட்டுக்காக என்றால், அவர் நின்ற பிறகு ஒரு டாலர்கூட வந்திருக்கக் கூடாது. வந்ததில் பெரும்பகுதி அதன் பிறகுதான் வந்தது. இன்று அவர் பெயரில் பல நாடுகளில் நடக்கும் ஓட்டம் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திலும் நடந்திருக்கிறது. அதில் வெற்றியாளர் என்று யாரும் கிடையாது. நடந்தும் வரலாம். அடுத்த முறை வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தி வந்தால், பணத்தை முன்கூட்டியே அனுப்பிவிட்டு, "ஓட முடிந்தாலும் முடியாவிட்டாலும் இது அந்த நோயாளிகளுக்குத்தான்" என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.