‘கி’ ரெண்டு கட்டம், ‘கீ’ ஒரு கட்டம்

இந்த எபிசோடில் டெர்மினலைப் பற்றிக் கதைச்சம், ஆனா தமிழுக்கு நேரம் கிடைக்கேல்லை. அது இங்கே.

நான் இருக்கிற ஊர் ரெனான், லா ஷோ-டு-ஃபோனுக்கும் பீலுக்கும் இடையில் ரயில் நிற்கிற சின்ன இடம். அந்தப் பெயரையே எடுங்கோ. ரெ, னா, ன்: எங்கட கண்ணுக்கு 3 எழுத்து. யூனிகோடில் 6 குறியீடு. பல டெர்மினல்கள் ஒதுக்குவதோ 5 கட்டம்!

டெர்மினல் எமுலேட்டர் என்பது 1978இல் வந்த விடி100 போன்ற பழைய இயந்திரங்களின் வேஷம். 80 நிரல், 24 வரி, கட்டத்துக்கு ஒரு எழுத்து. பிறகு சீன, ஜப்பானிய எழுத்துகளுக்கு 2 கட்டம் என்றானது. ஒரு குறியீட்டுக்கு எத்தனை கட்டம் என்று சொல்வது ‘டபிள்யூசிவிட்த்’ என்ற சி ஃபங்ஷன். மார்க்கஸ் கூன் எழுதிய வடிவம் பல மென்பொருட்களுக்குள் இருக்கு. யூனிகோட் ‘இடம் பிடிக்காத குறி’ என்று வகைப்படுத்தியதற்கு அது 0 கொடுக்கும். புள்ளியும் ஈகாரக் குறியும் அந்த வகை. இகாரக் குறி ‘இடம் பிடிக்கும்’ வகை, அதனால் 1. ஆகவே ‘கீ’ ஒரு கட்டம், ‘கி’ இரண்டு. இலக்கணம் படிச்ச ஆருக்கும் இதைக் கேட்டால் சிரிப்பு வரும்.

உண்மையான சிக்கல் கேர்சரில்தான். ஷெல் தன்ர கணக்கில் எண்ணும், டெர்மினல் தன்ர கணக்கில் எண்ணும், ஒருவரை ஒருவர் கேட்பதில்லை. இருவரும் ஒரே மாதிரிப் பிழையாக எண்ணினால் வெறும் இடைவெளிதான். கணக்கு வேறுபட்டால், நீங்கள் அழிக்கிற எழுத்து ஒன்று, திரையில் மறைவது வேறொன்று. தமிழ்ப் பெயருள்ள கோப்பை அழிக்கிற கட்டளையில் இது பகிடி இல்லை.

தீர்வு என்று இப்ப இருப்பது ‘மோட் 2027’. கான்டூர் டெர்மினலில் தொடங்கியது, கோஸ்ட்டியிலும் இருக்கு. குறியீடு குறியீடாக இல்லாமல், முழு எழுத்தாக எண்ணுவதற்கு புரோகிராமும் டெர்மினலும் முதலே ஒத்துக்கொள்ளும். அப்ப ரெனான் 3 கட்டம். ‘னா’ ஒரு கட்டத்துக்குள் நெருக்குப்படும், வடிவா இராது. எனக்கு வடிவை விடக் கணக்குச் சரியாக இருப்பது முக்கியம்.

உங்கட டெர்மினலைச் சோதிக்க: ஒரு ஸ்கிரிப்டில் ‘கி’யை அச்சிட்டு, உடனே எஸ்கேப், இடது சதுர அடைப்பு, 6, சின்ன ‘என்’ அனுப்புங்கோ. கேர்சர் நிற்கிற வரியும் நிரலும் பதிலாக வரும். வரியின் தொடக்கத்தில் அச்சிட்டிருந்தால், நிரல் 2 என்றால் ஒரு கட்டம், 3 என்றால் இரண்டு.