மாம்பலம் ரயில் நிலையம்: பெயரில் வாழும் கிராமம்

பெருநாள் துணி எடுக்க ரயிலில் தி.நகர் செல்லும் நாம் இறங்குவது மாம்பலத்தில். ஊர்ப் பெயர் ஒன்று, நிலையத்தின் பெயர் வேறொன்று. ஏன் என்று யோசித்ததுண்டா?

முதலில் இருந்தது மாம்பலம் கிராமம்தான். 1920களில் அதையொட்டிய பெரிய ஏரியைத் தூர்த்துப் புதிய குடியிருப்பை அமைத்தார்கள். நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். தியாகராய நகர் என்பது நாளடைவில் தி.நகர் ஆனது. ரயில் நிலையம் மட்டும் பழைய கிராமத்தின் பெயரை விடவில்லை. 1931-இல் கடற்கரை–தாம்பரம் தடத்தில் மின்சார ரயில் வந்ததும் இப்பகுதி நகரத்தோடு நெருங்கியது.

இன்று புறநகர் ரயில்களோடு, தென்மாவட்ட விரைவு ரயில்கள் பலவும் இங்கே நிற்கின்றன. ஒருபுறம் மேற்கு மாம்பலம், மறுபுறம் ரங்கநாதன் தெரு. 2023 மே மாதம் திறக்கப்பட்ட, சுமார் 570 மீட்டர் நீளமுள்ள ஆகாய நடைமேம்பாலம் நிலையத்தைத் தி.நகர் பேருந்து நிலையத்தோடு இணைக்கிறது. முதியோருக்கு லிஃப்ட் வசதியும் உண்டு.

இத்தனை இருந்தும், பிள்ளைகளோடு தண்டவாளத்தைக் கடப்பவர்களை நாம் பார்க்கிறோம். அது சட்டப்படி குற்றம். ஓடிவரும் ரயிலை நினைத்தவுடன் நிறுத்தவும் முடியாது. பாலம் ஏறினால் ஐந்து நிமிடம் கூடுதலாகலாம். வாங்கிய துணியை உடுத்த எல்லோரும் வீடு வந்து சேர வேண்டுமல்லவா?