ஈரக்காற்றுக்கு வழி எங்கே?

பனிக்காலத்தில் கொடியில் போட்ட துணி உலர்வதற்கு முன்பே உறைந்து விறைத்துப்போகும் டொராண்டோ, நியூயார்க் போன்ற நகரங்களில், டிரையர் என்னும் துணி உலர்த்தும் யந்திரம் ஆடம்பரப் பொருளன்று, அன்றாட அவசியம். அது பழுதுபட்டுப் புதிதொன்றை வாங்கப் புறப்படுகிறவர்கள் விலையையும் கொள்ளளவையும் விசாரிக்கிறார்களேயன்றி, பழைய யந்திரத்தின் முதுகிலிருந்து புறப்பட்ட குழாய் எத்தனை வளைவுகளோடு, எவ்வளவு தூரம் சென்று, எந்தச் சுவர் வழியாக வெளியேறுகிறது என்பதைக் கவனிப்பதில்லை. கடைக்குப் போகுமுன் பார்க்கவேண்டியது அதுதான் என்பது என் திடமான அபிப்பிராயம்.

வழக்கமான மின்சார டிரையர், அறையிலுள்ள காற்றை உள்ளிழுத்து, சுமார் 5,000 வாட் மின்சக்தியால் சூடாக்கி, சுழலும் உருளையிலுள்ள துணிகளினூடே செலுத்தி, ஈரத்தையும் சல்லடையில் சிக்காமல் தப்பிய பஞ்சுத் தூசியையும் சுமந்த அந்தக் காற்றை 4 அங்குலக் குழாய் வழியே வெளியே தள்ளிவிடுகிறது. இக்குழாய் பொதுவாக 35 அடிக்கு மேற்படலாகாது என்றும், ஒவ்வொரு செங்கோண வளைவுக்கும் அதில் 5 அடியைக் கழிக்க வேண்டும் என்றும் அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் வீட்டுக் கட்டட விதி கூறுகிறது. நான்கு வளைவுகள் இருந்தால் எஞ்சுவது 15 அடிதான். வீட்டின் நடுவே சலவை அறை அமைந்தவர்களுக்கும், வெளிச்சுவரைத் துளைக்க அனுமதி கிடைக்காத பழைய அடுக்குமாடிவாசிகளுக்கும் இந்தக் கணக்கு ஒத்துவருவதில்லை. குழாய் நீள நீளக் காற்றின் வேகம் தளர்கிறது. தளர்ந்த இடத்தில் தூசி படிகிறது. படிந்த தூசியோ எளிதில் தீப்பற்றக்கூடியது. 2008 முதல் 2010 வரையிலான ஆண்டுகளை ஆராய்ந்த அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம், குடியிருப்புகளில் ஆண்டுதோறும் சுமார் 2,900 டிரையர் தீவிபத்துகள் நேர்ந்ததாகவும், அவற்றின் காரணங்களில் சுத்தம் செய்யாமையே முதலிடம் பெற்றதாகவும் கணக்கிட்டது.

குழாயைச் சுருக்க இயலுமானால், உட்புறம் வழவழப்பான உலோகக் குழாயைப் பொருத்திப் பழைய வகை யந்திரத்தையே வாங்கலாம். அதற்கு வகையின்றி, ஈரக்காற்றை ஒரு வாளித் தண்ணீரின்மேல் செலுத்தி அறைக்குள்ளேயே விட்டுவிடும் உபாயத்தை நான் சிபாரிசு செய்யமாட்டேன். குளிர்ந்த சுவர்களிலும் ஜன்னல்களிலும் அந்த ஈரம் படிந்து பூஞ்சணம் பிடிக்கும். எரிவாயு டிரையரில் அவ்வாறு செய்வதோ, கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயுவினால் பிராணாபாயமாகவே முடியக்கூடும்.

வெளிக்குழாயே வேண்டாத யந்திரங்கள் இரண்டு வகை. முதல் வகை, ஈரக்காற்றை அறைக்காற்றினால் குளிர்வித்து நீராக்குகிறது. ஆனால் உஷ்ணம் முழுவதையும் அறையிலேயே கொட்டுகிறது. இரண்டாவதான ஹீட் பம்ப் வகை, குளிர்சாதனப் பெட்டியின் தத்துவத்தையே அனுசரித்து, ஒரு சுருளில் காற்றைக் குளிர்வித்து நீரைப் பிரித்து, அப்போது கிடைத்த வெப்பத்தை மற்றொரு சுருளில் அதே காற்றுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. இதனால் மின்செலவு ஏறக்குறைய பாதியாகிறது. மிதமான சூட்டில் உலர்வதால் துணியும் நீடித்து உழைக்கிறது. பழைய வகையோ, பனிக்காலத்தில் காசு கொடுத்துச் சூடாக்கிய வீட்டுக்காற்றையே உறிஞ்சி வெளியேற்றுவதால், அந்த இடத்தை நிரப்ப வெளிக்குளிர் இடுக்குகள் வழியே உள்ளே புகுகிறது. இந்த நஷ்டத்தை எந்த விலைச்சீட்டும் காட்டுவதில்லை. ஸ்விட்ஸர்லாந்து 2012-லேயே ஹீட் பம்ப் வகை தவிர மற்றவற்றின் விற்பனைக்கு ஏறத்தாழ முற்றுப்புள்ளி வைத்துவிட்டது; ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய விதிகள் 2025 ஜூலை முதல் அதே திசையில் செல்கின்றன.

ஹீட் பம்ப் வகைக்குக் குறைகளும் உண்டு. விலை அதிகம், உலர்த்த நேரம் கூடுதல், 24 அங்குல அகலமுள்ள மாதிரிகளில் கம்பளிப் போர்வை போன்ற பெரிய துணிகள் அடங்கா. தூசி சல்லடையைக் கடந்து உட்சுருளிலும் படியுமாதலால், அச்சுருளைத் திறந்து துடைக்க வசதியுள்ள மாதிரியையே தேர்ந்தெடுக்க வேண்டும். பிரிந்த நீரை ஒவ்வொரு முறையும் தொட்டியிலிருந்து கொட்டுவதைவிட, துவைக்கும் யந்திரத்தின் கழிவுநீர்க் குழாயோடு இணைத்துவிடுவது உசிதம். துவைக்கும் யந்திரத்தையும் உடன் மாற்றுவதாக இருந்தால், அதன் பிழியும் வேகம் நிமிஷத்துக்கு 1,200 சுற்றுகளுக்குக் குறையாதிருக்கட்டும். நீரைச் சுழற்றிப் பிழிவதற்கு ஆகும் மின்சாரம், அதைச் சூட்டினால் ஆவியாக்குவதற்கு ஆவதைக் காட்டிலும் மிகமிகச் சொற்பம்.